ஒரு கேம் ‘ஓடியதா’ என்று எதை வைத்துச் சொல்வது?

புதிய கேம் ஒன்று வெளியாகி மூன்று வாரம் ஆனதும் யாராவது ஒருவர் ஒரு வரைபடத்தை எடுத்துப் போட்டுவிடுவார். செங்குத்தாக ஏறி, அப்புறம் சரசரவென்று இறங்கும் கோடு. மேலே ஒரே ஒரு வரி: “கேம் செத்துப்போச்சு.” அதற்குக் கீழே ஆமாம் சாமி போட நூறு பேர், சண்டை பிடிக்க நூறு பேர்.

அந்தக் கோட்டில் தவறேதும் இருக்காது. ஆனால் அது எதை அளக்கிறது என்று கேட்டால் சண்டை பிடிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கேம் உலகத்துக்குப் புதியவர்களுக்காக அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஸ்டீம் என்பது வால்வ் நிறுவனம் நடத்தும் கணினி கேம் கடை. கடையும் அதுதான், வாங்கிய கேமைத் திறக்கும் வாசலும் அதுதான். இந்த நிமிடம் ஒரு கேமை எத்தனை பேர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணை ஸ்டீம் வெளிப்படையாகத் தருகிறது. ஸ்டீம்டிபி போன்ற தளங்கள் அதை இரவும் பகலும் சேகரித்துக் கோடாக வரைந்து காட்டுகின்றன. இதற்குப் பெயர் ‘கன்கரன்ட் பிளேயர்ஸ்’, அதாவது ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள். அந்தக் கோடு தொட்ட ஆக உயர்ந்த புள்ளி ‘பீக்’.

இந்த எண்ணுக்கு இவ்வளவு மவுசு வந்ததற்குக் காரணம் எளிது. இலவசம், உடனுக்குடன் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விற்பனைக் கணக்கையோ செலவுக் கணக்கையோ பெரும்பாலான கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிவது இது ஒன்றுதான் என்பதால் இதையே தராசாக்கிவிட்டோம்.

நேரம் செய்யும் வேலை

ஒரு டீக்கடையை எந்த நேரத்தில் போட்டோ எடுத்தாலும் ஐந்தாறு பேர்தான் நிற்பார்கள். அதற்காக அந்தக் கடையில் வியாபாரமே இல்லை என்று யாரும் சொல்லமாட்டோம். ஒருவர் வந்து குடித்துவிட்டுப் போக ஐந்து நிமிடம் போதும் என்பது நமக்குத் தெரியும். கேம் விஷயத்தில் மட்டும் இந்தச் சின்னக் கணக்கை மறந்துவிடுகிறோம்.

எண்களைப் போட்டே பார்க்கலாம். ஒரு லட்சம் பேர் ஒரே மாதத்தில் ஒரு கேமை வாங்கி, ஆளுக்கு ஒரு முறை முடித்துவிட்டு மூடிவைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமை முடிக்க ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஒன்றரை லட்சம் மணி நேரம் விளையாடியிருக்கிறார்கள். முப்பது நாள் மாதத்தில் 720 மணி நேரம். வகுத்தால், சராசரியாக எந்த நொடியிலும் உள்ளே இருப்பவர்கள் சுமார் 208 பேர். இப்போது அதே ஒரு லட்சம் பேர், ஆனால் முடிக்க 60 மணி நேரமாகும் கேம். 60 லட்சத்தை 720-ஆல் வகுத்தால் 8,333 பேர். வாங்கியவர்கள் அதே ஒரு லட்சம்தான். கோட்டின் உயரம் மட்டும் நாற்பது மடங்கு கூடிவிட்டது.

நிஜத்தில் எல்லாரும் மாதம் முழுக்கச் சீராகப் பரவி விளையாடுவதில்லை. வெளியான வார இறுதியில் குவிவார்கள், பிறகு குறைவார்கள். அதனால் பீக் என்பது சராசரியைவிட நன்றாகவே மேலே இருக்கும். ஆனாலும் கேமின் நீளம்தான் கோட்டின் உயரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதில் மாற்றமில்லை.

இதற்கு நமக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய ஸ்டூடியோ 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ என்ற கேமை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். விளையாட்டு என்றால் சமையல்தான். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கும். மிச்சமிருக்கும் வரிகளை வைத்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டை எப்படி அவிப்பது என்று நாமே ஊகித்துச் செய்ய வேண்டும். பாத்திரங்கள் ஒவ்வொன்றாக நகர, இடையில் குடும்பக் கதையும் நகரும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

முடித்த பிறகு மறுபடி திறக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இதில் இல்லை. தினமும் வந்து பரிசு வாங்கிக்கொள், வாராவாரம் புதுச் சவால் என்ற தூண்டில்கள் கிடையாது. இப்படிப்பட்ட கேமின் கோடு தாழ்வாகத்தான் ஓடும். அதே ‘வெண்பா’ 2024-இல் பெரிய கம்பெனிகளைச் சாராத ‘இண்டி’ கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் பெரும் பரிசை வாங்கியது. அடுத்த மாதமே பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுகக் கேம் விருதையும் வாங்கியது. தமிழ்ச் சமையலறை ஒன்றை உலகம் முழுக்க இத்தனை பேர் விளையாடிப் பார்த்திருக்கிறார்கள் என்பதை எந்த வரைபடத்தில் குறிப்பது? நான் தமிழன் என்பதால் கொஞ்சம் பாரபட்சமாகச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், விருதுக் குழுவுக்கு அந்தப் பாரபட்சம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

எதிர்முனையில் ‘பால்வேர்ல்டு’. 2024 ஜனவரியில் ஜப்பானின் பாக்கெட்பேர் என்ற ஸ்டூடியோ வெளியிட்ட இந்தக் கேமின் ஸ்டீம் பீக் 21 லட்சத்தைத் தாண்டியது. ஸ்டீம் வரலாற்றிலேயே மிக உயர்ந்த எண்களில் ஒன்று. சில வாரங்களில் கோடு இறங்கியது. உடனே “இத்தனை சதவீதம் பேர் ஓடிவிட்டார்கள்” என்று செய்திகள். கம்பெனியின் சமூகத் தொடர்பாளர் இது சோம்பேறித்தனமான பேச்சு என்று சொல்லி, ஒரு கேமிலிருந்து ஓய்வு எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை, வேறு கேம்களையும் போய் விளையாடுங்கள் என்கிற பாணியில் பதில் போட்டார். அவர் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது. வாங்கியவர் முப்பது மணி நேரம் விளையாடிவிட்டு மூடிவைத்தால் கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. சொல்லப்போனால் சர்வர் செலவு மிச்சம்.

கோட்டில் வராதவர்கள்

ஸ்டீம் எண் ஸ்டீமை மட்டுமே எண்ணுகிறது. கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் விவாதங்களில் அடிக்கடி காணாமல் போவது இதுதான். சோனியின் ப்ளேஸ்டேஷன், நிண்டெண்டோவின் ஸ்விட்ச் போன்ற தனி கேம் கருவிகள் ஒவ்வொரு கேமுக்கும் நேரடி எண்ணிக்கையை இப்படித் திறந்து காட்டுவதில்லை. நிண்டெண்டோவின் ‘செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ 2023 மே மாதம் வெளியாகி மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. அது ஸ்டீமில் விற்கப்படவே இல்லை. வரைபடத்தை மட்டும் நம்புகிறவருக்கு அப்படி ஒரு கேம் வந்ததே தெரியாது.

மொபைல் கேம்கள் இன்னொரு தனி உலகம். இந்தியாவில் பெரும்பாலானவர்களுக்கு கேம் என்றாலே போன்தான். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட பிறகு, தென்கொரிய நிறுவனமான கிராஃப்டன் 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்று அதன் தனிப் பதிப்பான பிஜிஎம்ஐ-யைக் கொண்டுவந்தது. ஒரே வருடத்தில் பத்துக் கோடிப் பதிவுகள் என்று அறிவித்தது. இந்த ‘பதிவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு முறை உள்ளே வந்து, பிறகு போனிலிருந்தே அழித்துவிட்டவரும் இதில் அடக்கம். தம்பி போனில் ஒன்று, தன் போனில் ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருப்பவர் இரண்டு பேராகிவிடுவார்.

அதனால் கம்பெனிகள் வெற்றி அறிவிப்பு விடும்போது எண்ணைவிட அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைத்தான் முதலில் படிக்க வேண்டும். ‘விற்ற பிரதிகள்’ என்றால் காசு கைமாறியிருக்கிறது. ‘அனுப்பிய பிரதிகள்’ என்றால் டிஸ்க் கடைக்குப் போய்விட்டது, அலமாரியிலேயே தூங்கிக்கொண்டும் இருக்கலாம். ‘விளையாடியவர்கள்’ என்றால் யாரெல்லாம் ஒரு முறையாவது திறந்தார்களோ அவர்கள் எல்லாரும். பால்வேர்ல்டு முதல் மாதத்தில் இரண்டரைக் கோடிப் பேரை எட்டியதாகச் சொன்னபோது அந்த அறிவிப்பிலேயே இந்தப் பிரிவு இருந்தது: ஸ்டீமில் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் விற்பனை, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் ஒரு கோடிப் பேர் விளையாடியது. எக்ஸ்பாக்ஸ் பக்கம் ‘விற்பனை’ என்று சொல்லாததற்குக் காரணம், அங்கே அது ‘கேம் பாஸ்’ என்ற மாதச் சந்தாவுக்குள்ளேயே கிடைத்தது. சந்தா கட்டியவர் தனியாகக் காசு கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தப்படி கேம் செய்தவர்களுக்கு ஒரு தொகை தரும். அந்தத் தொகை எவ்வளவு என்பது பெரும்பாலும் வெளியே வராது.

போட்ட காசும் வந்த காசும்

ஒரு கேம் ஜெயித்ததா என்று தெரிய வேண்டுமென்றால், அதைச் செய்ய எவ்வளவு செலவானது என்று முதலில் கேட்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு கேம் செய்கிறார்கள். சம்பளம், வாடகை, இசை, ஓவியம் எல்லாம் சேர்த்து ஒரு கோடி ரூபாய் செலவு என்று வையுங்கள். விலை 500 ரூபாய். ஸ்டீம் போன்ற கடை வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும், மீதி 350. வரி, திருப்பிக் கொடுக்கும் பணம் எல்லாம் போக 300 கையில் நிற்கிறது என்றால், சுமார் 33,000 பிரதிகள் விற்றால் போட்டது கைக்கு வந்துவிடும். ஓரிரு வருடத்தில் அவ்வளவு விற்றாலே அவர்கள் அடுத்த கேமை ஆரம்பித்துவிடலாம். கோட்டில் அது தெரியவே தெரியாது.

இன்னொரு பக்கம் இருபது கோடி டாலர் செலவழித்த ஒரு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 70 டாலர் விலையில் கடைக்காரர் பங்கு போனால் 49 டாலர். விளம்பரச் செலவைக் கணக்கில் சேர்க்காமலேயே, முழு விலையில் சுமார் 41 லட்சம் பிரதிகள் விற்றால்தான் பூஜ்யத்துக்கு வரும்.

இருபது கோடி டாலர் என்பது கற்பனைத் தொகை இல்லை. மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிசார்டு என்ற கேம் கம்பெனியை வாங்கக்கூடாது என்று அமெரிக்க அரசின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி தொடர்ந்த வழக்கில், 2023 ஜூன் மாதம் சோனி தரப்பு ஆவணம் ஒன்று நீதிமன்றத்துக்கு வந்தது. ரகசியத் தொகைகள் கறுப்பு மார்க்கர் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. ஆனால் ஸ்கேன் செய்தபோது மைக்கு அடியில் இருந்த எழுத்து மங்கலாகத் தெரிந்துவிட்டது. சோனியின் கேம்களான ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’-க்கு 22 கோடி டாலர், ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’டுக்கு 21.2 கோடி டாலர். இத்தனை வருடம் பூட்டிவைத்திருந்த ரகசியத்தை ஒரு மார்க்கர் பேனா காட்டிக்கொடுத்துவிட்டது.

செலவு இப்படி ஏறும்போது, வெளியிலிருந்து பார்த்தால் அமோகமாகத் தெரியும் விற்பனையும் உள்ளே தோல்வியாகிவிடும். 2013 மார்ச்சில் வந்த ‘டூம் ரைடர்’ அந்த மாதமே 34 லட்சம் பிரதிகள் விற்றது. பப்ளிஷரான ஸ்கொயர் எனிக்ஸ், எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை என்று அறிவித்தது. அதே கேம் பிற்காலத்தில் ஒரு கோடியைத் தாண்டி விற்றது. அப்படியென்றால் அது தோற்ற கேமா, ஜெயித்த கேமா? 2013 ஏப்ரலில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தவருக்கு ஒரு பதில், பத்து வருடம் கழித்துத் திறந்தவருக்கு வேறு பதில்.

பொறுமையாகப் பார்த்தால்

‘ஸ்டார்டியூ வேலி’ என்ற பண்ணை கேமை எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நான்கரை வருடம் உட்கார்ந்து செய்தார். படம், இசை, எழுத்து, நிரல் எல்லாம் அவரே. 2016 பிப்ரவரியில் வெளியானது. அதன் ஸ்டீம் எண்ணிக்கை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது எப்போது தெரியுமா? 2024 மார்ச்சில், ஒரு புதிய அப்டேட் வந்தபோது. எட்டு வருடம் கழித்து! 2024 கடைசியில் மொத்த விற்பனை 4.1 கோடி. முதல் மாதக் கோட்டை வைத்துக்கொண்டு இதை யாரால் ஊகித்திருக்க முடியும்?

‘அமாங் அஸ்’ கதை இன்னும் வேடிக்கை. 2018-இல் வந்து, இரண்டு வருடம் பெரிதாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2020 ஊரடங்கில், விளையாடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்கள் கையில் சிக்கி உலகமே விளையாட ஆரம்பித்தது. செய்தவர்கள் அதற்குள் இரண்டாம் பாகத்தை அறிவித்திருந்தார்கள். அதைக் கைவிட்டுவிட்டு முதல் பாகத்தையே மெருகேற்றத் திரும்பினார்கள்.

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2016 ஆகஸ்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பீக்குடன் வந்தது. கோட்டைப் பார்த்தால் பிரம்மாண்ட வெற்றி. உள்ளே இருந்தவர்களோ கொதித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னது பாதி இல்லை என்று ரிவ்யூக்களில் வறுத்தெடுத்தார்கள். உள்ளே இருக்கிறவர் ரசிக்கிறாரா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாரா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. அதைச் செய்த ஹலோ கேம்ஸ் வாயை மூடிக்கொண்டு வருடக்கணக்கில் இலவச அப்டேட்களாகக் கொடுத்துக்கொண்டே போனது. 2024 நவம்பரில் ஸ்டீமில் அதன் மொத்த மதிப்பீடு ‘மிகவும் நன்று’ என்ற படிக்கு ஏறியது.

எண்ணிக்கையே உயிராக இருக்கும் இடம்

இவ்வளவும் சொன்னதால் அந்த எண்ணே வீண் என்று ஆகிவிடாது. எதிரில் ஆள் இருந்தால்தான் ஆட முடியும் என்கிற கேம்களுக்கு அதுதான் மூச்சு. ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் கேம் என்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்துப் பேர் வேண்டும். அதுவும் ஒரே பகுதியில், ஏறக்குறைய ஒரே திறமையில், ஒரே வகை ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களாக. ஆயிரம் பேர் ஆன்லைனில் இருந்தாலும் இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் சென்னையில் ராத்திரி ஒரு மணிக்கு உட்காருகிறவருக்குக் காத்திருப்புதான் மிஞ்சும். காத்திருந்து அலுத்தவர் வெளியேறுவார், அடுத்தவருக்குக் காத்திருப்பு இன்னும் நீளும்.

சோனியின் ‘கான்கார்ட்’ இதற்குச் சாட்சி. 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலர் விலையில் வந்தது. ஸ்டீம் பீக் 697. லட்சத்தில் இல்லை, வெறும் 697. ப்ளேஸ்டேஷனிலும் வந்தது, அங்கே எத்தனை பேர் என்று காட்டவில்லை. ஆனால் இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று, சோனி அதை நிறுத்திவிட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அக்டோபரில் அதைச் செய்த ஸ்டூடியோவையும் மூடியது. இங்கே கோட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் சொன்னது சரிதான்.

இலவச மொபைல் கேம்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும். இன்று டவுன்லோடு செய்த நூறு பேரில் நாளைக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஏழாம் நாள் எத்தனை, முப்பதாம் நாள் எத்தனை? ஒருவரைக் கொண்டுவர விளம்பரத்துக்குப் போட்ட காசைவிட அவர் உள்ளே செலவழிப்பது அதிகமா? டவுன்லோடு கோடிக்கணக்கில் இருந்து இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

நம்மால் என்ன பார்க்க முடியும்?

கம்பெனியின் கணக்குப் புத்தகம் நம் கைக்கு வராது. ஆனால் சில தடயங்கள் உண்டு. ஸ்டீமில் ஒரு கேமுக்கு எத்தனை ரிவ்யூ என்பது தெரியும். வாங்கியவர்களில் சிறு பங்குதான் ரிவ்யூ எழுதுவார்கள் என்பதால், அதை முப்பதோ ஐம்பதோ ஒரு எண்ணால் பெருக்கி விற்பனையை ஊகிக்கும் பழக்கம் கேம் செய்பவர்களிடமே இருக்கிறது. துல்லியம் கிடையாது, குத்துமதிப்புதான். ஆனாலும் பீக்கைவிட இது காசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் ரிவ்யூவுக்கு மேலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் ரிவ்யூ படிக்காதீர்கள். எட்டு நிமிடம் விளையாடிவிட்டு எட்டுப் பத்தி திட்டியவர்களும் அங்கே இருப்பார்கள்.

அப்புறம், ஸ்டூடியோ என்ன செய்கிறது என்று பாருங்கள். அப்டேட் வருகிறதா, ஆள் எடுக்கிறார்களா, அடுத்த பாகம் பற்றிப் பேச்சு இருக்கிறதா, ஆட்குறைப்பு நடக்கிறதா. பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் காலாண்டு அறிக்கையில் எந்த கேமின் பெயரைத் தேடிப் பிடித்துப் புகழ்கிறார்கள், எதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதும் ஒரு பதில்தான்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் கணக்குக்குள் அடங்காமல் நிற்கும் கேம்கள் உண்டு. ‘ஹை-ஃபை ரஷ்’ 2023 ஜனவரி 25 அன்று, அறிவித்த அன்றே வெளியானது. இசைத் தாளத்துக்கு ஏற்றபடி அடிதடி. முதல் நாளே கேம் பாஸிலும் கிடைத்ததால் ஸ்டீம் பீக் ஆறாயிரத்துச் சொச்சம்தான். சில மாதத்தில் முப்பது லட்சம் பேர் விளையாடியிருந்தார்கள். ஒலி வடிவமைப்புக்கு விருது, அனிமேஷனுக்குப் பாஃப்டா. எல்லா முக்கிய அளவுகோல்களிலும் இது வெற்றி என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே பொதுவெளியில் எழுதினார். 2024 மே மாதம் அதே மைக்ரோசாஃப்ட், அதைச் செய்த டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக அறிவித்தது. ஆகஸ்டில், பிஜிஎம்ஐ நடத்தும் அதே கிராஃப்டன், ஸ்டூடியோவையும் ஹை-ஃபை ரஷ்ஷின் உரிமையையும் எடுத்துக்கொண்டது. ஒரு கம்பெனி வேண்டாம் என்று வைத்ததை இன்னொரு கம்பெனி காசு கொடுத்து வாங்குகிறது என்றால், இரண்டு பேரும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருக்கவில்லை.